மணவறையில் ஊற்றிய கம்

ஷா ஆலத்தில் இருந்த அந்த மரச்சாமான் தொழிற்சாலையில் தனலெட்சுமிக்குப் பத்து வருடமாக ஒரே மேசைதான். அலமாரியின் முகப்பில் வரும் சட்டங்களைப் பூட்டுகிற மேசை. நான்கு கட்டை, நான்கு மூலை. குறுக்குக்கட்டையின் முனையில், பின்பக்கமாக, சாய்வாக இரண்டு துளைகள் போட்டு அவளிடம் வரும். சட்டைப் பை மாதிரி வாய் திறந்து இருப்பதால் அதற்குப் பாக்கெட் என்று பெயர். முனையில் கம் தடவி, இரண்டு கட்டைகளையும் சேர்த்துக் கிளாம்பில் இறுக்கி, பாக்கெட் வழியாகத் திருகாணியை முடுக்குவாள். பிதுங்கி வரும் கம்மை ஈரத்துணியால் உடனே துடைப்பாள். துடைக்காவிட்டால் அந்த இடத்தில் வார்னிஷ் பிடிக்காது. தேமல் விழுந்த முகம் மாதிரி ஆகிவிடும்.

மரப்பசையை அங்கே தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒன்றுபோலக் கம் என்றுதான் சொன்னார்கள். புதிதாக வரும் பெண்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்.

"அக்கா, அதான் ஸ்க்ரூ அடிக்கிறோமே. அப்புறம் கம் எதுக்கு?"

"ஸ்க்ரூ ரெண்டு பேரையும் இழுத்துட்டு வந்து பக்கத்துல உக்கார வைக்கும்டி. கப்பல்ல ஆடி, வெயில்ல காஞ்சு, மழையில ஊறி, அப்பவும் எழுந்து போகாம பிடிச்சு வைக்கிறது கம்."

"அப்ப எல்லாத்துக்கும் கம் போட்டுடலாமே."

"போடு. நாளைக்குக் கழட்டணும்னு வந்தா உன் மண்டைய வச்சுக் கழட்டு."

இவ்வளவு எளிதான விஷயம். ஒட்டியே இருக்க வேண்டிய மூட்டுக்குக் கம். பிரித்து எடுக்க வேண்டிய மூட்டுக்குத் திருகாணி மட்டும். ஆனால் அவள் வாழ்க்கையில் குறுக்கே வந்த எவருக்கும் இது புரிந்ததில்லை. 1991ஆம் ஆண்டு அவள் தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள், அது புரியாத ஒருத்தியால் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தங்கை என்றா சொன்னேன்? மகள் என்று சொல்ல வேண்டும். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா காய்ச்சலில் போனபோது தனலெட்சுமிக்குப் பத்தொன்பது வயது. ரமணிக்கு ஒன்பது. அப்பா விடியும் முன்பே ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போய்விடுவார். ரமணிக்குத் தலை வாரியதும், பள்ளிக்கூட லோரியில் ஏற்றிவிட்டதும், முதல் முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அணைத்துக்கொண்டதும் தனலெட்சுமிதான். பெண் பார்க்க வந்தவர்களிடம், "தங்கச்சியும் என்கூடத்தான் வரும்" என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். மூன்று பேர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். நான்காவதாக வந்த பக்கிரிசாமி, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர், "வரட்டும்மா, லோரியில எடம் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருடைய மற்ற எல்லாக் குறைகளையும் தனலெட்சுமி பொறுத்துக்கொண்டாள். குறைகள் கொஞ்சம் அதிகம்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்த ஒரே பிள்ளை ரமணி.

அந்த ரமணி பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தாள். அங்கே வேலை பார்த்த சீவரத்தினம் என்ற பையனிடம் மனதைக் கொடுத்தாள். பிரிக்பீல்ட்ஸ் பையன், யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாய் இராசேஸ்வரி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கணவரை இழந்தவர். தோட்டத்தில் பால்வெட்டியவரின் மகள் தன் வீட்டுக்கு மருமகளா என்று இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. பையன் பிடித்த பிடியில் நின்றான். ஒரு நாள் தாய் இறங்கி வந்தார். இறங்கி வந்தவர் கையில் ஒரு பட்டியலும் இருந்தது.

பட்டியலில் ஐந்தாவது மணவறை.

"மணவறையை எங்கட ஆட்களிட்டயே எடுப்பம், பிள்ளை" என்றார் இராசேஸ்வரி. "வழமையாத் தாறவர் இருக்கிறார். உங்கட கிள்ளான் பக்கம் இரும்புக் குழாயில சரிகைத் தாள் சுத்தித்தானே கொண்டு வாறவை."

ரமணி தலை குனிந்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்த தனலெட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மணவறையை நாங்க கொண்டு வரோம்மா. மரத்துல. நானே செய்றேன்."

"நீரோ?"

"நான்தான்."

இராசேஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சரி. நான் குறுக்கால நிக்கேல்லை. ஆனா முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு மண்டபத்தில அது நிமிர்ந்து நிக்கவேணும். இல்லாட்டி வாடகைக்காரரைக் கூப்பிடுவன். அவருக்கும் ஒரு சொல் சொல்லி வைக்கிறன்."

பக்கிரிசாமி வீட்டுக்கு வந்ததும், "ஏன் தனம், வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உனக்கு?" என்று கேட்டார். முடியவில்லை. தாயில்லாத பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சீராக எதைக் கொண்டுபோய் வைப்பது என்று பத்தொன்பது வருடமாக யோசித்தவள் அவள். அந்த ஒரு மணவறை மேடையில் நிற்க வேண்டும். அதில் ரமணி உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ரப்பர் மரக் கட்டைகளைச் சூப்பர்வைசரிடம் சொல்லி எடுத்துவந்தாள். இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில் வேலை. மண்டபம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. படிக்கட்டு ஒடுக்கம், நடுவில் ஒரு திருப்பம் வேறு. எட்டடி மணவறை அப்படியே ஏறாது. அதனால் அவள் கணக்காகச் செய்தாள். இடது பக்கம் ஒரு சட்டம், வலது பக்கம் ஒரு சட்டம். இந்த இரண்டையும் கம் போட்டு, திருகாணி முடுக்கி, மலைபோல இறுக்கிவிட்டாள். இரண்டையும் இணைக்க நான்கு நீளக் கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு முனை, முனைக்கு இரண்டு பாக்கெட். பதினாறு திருகாணி. இந்தப் பதினாறு இடத்திலும் ஒரு சொட்டுக் கம் கிடையாது. திருகாணியைக் கழற்றினால் ஆறு துண்டு. மாடியில் மறுபடி முடுக்கினால் மணவறை.

வியாழக்கிழமை முழுதாகப் பூட்டி நிறுத்திப் பார்த்தாள். தங்க நிறப் பெயின்ட் அடித்தாள். பக்கிரிசாமி சாய்ந்து பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். "ஆடலையே!" என்று ஏதோ ஏமாந்தவர் போலச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை அரை நாளும் கிடைக்கவில்லை. கன்டேய்னர் போக வேண்டுமாம். "தங்கச்சி கல்யாணம் பாஸ்" என்றாள். "கல்யாணம் சண்டேதானே லா, கன்டேய்னர் சாட்டர்டே" என்றார் சூப்பர்வைசர். கூடப் பிறந்தவளின் கல்யாணத்துக்கு முதல் நாள் அமெரிக்காவில் யாருடைய சமையலறைக்கோ சட்டம் பூட்டிக்கொண்டு நின்றாள் அந்தப் பாவி.

வெள்ளிக்கிழமை காலையில்தான் இராஜம்மா வந்து இறங்கினாள். பக்கிரிசாமியின் அக்கா, தனலெட்சுமிக்கு நாத்தனார். ரவாங்கிலிருந்து இரண்டு பெட்டி, ஒரு தூக்குச்சட்டி நிறைய முறுக்கு, எல்லாவற்றிலும் ஒரு கருத்து, இவற்றோடு வந்தாள். கெட்ட மனசு இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்ட மனசுக்காரியாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம்.

சனிக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்குத் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த தனலெட்சுமி, திருகாணி முடுக்கும் கம்பியோடு நேரே மணவறைக்குப் பின்னால் போனாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

பாக்கெட்டுகளைக் காணவில்லை.

நேற்று இருட்டியபின் வேலையிலிருந்து வந்தவள் பின்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நேற்றுக் காலை வரை வாய் திறந்து நின்ற பதினாறு துளைகளும் மூடிக்கிடந்தன. வழவழவென்று, மேலே தங்கப் பெயின்ட் அடித்து, அங்கே துளை இருந்ததற்கான அடையாளமே இல்லாமல்.

"இந்தாங்க! இங்க வாங்க! யாரு இதைத் தொட்டது?"

பக்கிரிசாமி உள்ளே பனியனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றுக்கையோடு வெளியே வந்தார். பின்னாலேயே இராஜம்மா, முகம் மலர.

"நான்தான் தனம். நல்லா இருக்கா? நேத்து முழுக்க அதான் வேலை. ஓட்டை ஓட்டையா விட்டுட்டு வேலைக்குப் போயிட்டியே, பாவம், நேரமில்லைன்னு நானே கம் ஊத்திட்டேன். உன் டப்பாவுல பாதி ஆச்சு."

"அண்ணி... எதுக்குள்ள ஊத்துனீங்க?"

"அந்த ஓட்டைக்குள்ளதான். ஊத்தறதுக்குத் தானே சாய்வா வாய் வச்சிருக்கே?"

தனலெட்சுமி துளை இருந்த இடத்தில் கம்பியை வைத்துக் காட்டினாள். "அண்ணி, அது ஸ்க்ரூ போற வழி. அது வழியாத்தான் இன்னிக்குக் கழட்டணும்."

"அதைத்தான் தம்பியும் சொன்னான். பிரிச்சுத்தான் கொண்டு போகணும்னு. எனக்கு அது சரியாப் படல. கல்யாண மணவறையை யாராவது பிரியற மாதிரி செய்வாங்களா? ரெண்டு பேரு சேந்து உக்காரப் போற எடம்! பிரியற மூட்டு ஆகாது தனம். அதான் ஒரு மூட்டு விடாம கம் ஊத்தி, விரலால வழிச்சு, சாமியக் கும்பிட்டுட்டுப் பெயின்ட் அடிச்சேன்."

தனலெட்சுமி கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"அக்கா ஆசையா செஞ்சது... நீதான் கம்மு கம்முன்னு சொல்லிக்கிட்டே இருப்பியே. நல்லதுன்னு நெனச்சேன்."

பத்து வருடம். பத்து வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் சோறு பிசையும்போது, எங்கே கம் போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் "ம்" கொட்டியிருக்கிறார். இப்போது தெரிந்தது, அந்த "ம்" எல்லாம் மீன் குழம்புக்கு.

உள்ளே டெலிபோன் அடித்தது. இரண்டு கையிலும் மருதாணி பூசி உட்கார்ந்திருந்த ரமணி, "அக்கா, எடு! என்னால முடியாது!" என்று கத்தினாள்.

"பிள்ளை, இராசேஸ்வரி கதைக்கிறன். நான் இஞ்ச மண்டபத்திலதான் நிக்கிறன். மணவறை வெளிக்கிட்டுட்டுதோ?"

"கெளம்பிக்கிட்டே இருக்கும்மா."

"வாடகைக்காரர் இப்பதான் கேட்டவர். ஆறு மணிக்குச் சொல்லுறன் எண்டனான்."

"ஆறு மணிக்கு நிக்கும்மா."

போனை வைத்தபோது மணி ஒன்றே முக்கால். ரோட்டில் ஒரு மணி நேரம், மாடியில் பூட்ட முக்கால் மணி நேரம். நாலேகாலுக்கு லோரி கிளம்ப வேண்டும். எட்டடி மணவறை ஒற்றைக் கட்டாக வீட்டு முன்னால் நின்றது. ஒடுக்கமான படிக்கட்டு பிரிக்பீல்ட்ஸில் காத்திருந்தது.

அவள் அழுதிருந்தால் நியாயம். அழவில்லை. உளியை எடுத்து ஒரு பாக்கெட்டின் மேல் தோலைக் கீறினாள். பெயின்டும் கம்மும் சேர்ந்து பிளாஸ்டிக் மாதிரி உரிந்தது. உள்ளே பார்த்தாள். விரலை விட்டாள். விரல் நுனியில் வெள்ளையாக, தயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

"காயல" என்றாள்.

"என்னது?"

"மேல மட்டும் காஞ்சிருக்கு. உள்ள ஆழமா ஊத்துனதால காத்துப் படல. அண்ணி, நீங்க ஊத்துன கம் மூட்டுக்குள்ள போகவே இல்ல. ஸ்க்ரூ தலை மேல குளம் கட்டி நிக்குது. அவ்வளவுதான். கம் மூட்டைப் பிடிக்கணும்னா ஸ்க்ரூ முடுக்கறதுக்கு முன்னாடி கட்டை முனையில தடவணும்."

"அப்ப நான் செஞ்சது வேலை செய்யலையா?" இராஜம்மாவின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"அண்ணி!"

"சரி சரி, கத்தாதே. கல்யாண வீடு."

"சுடுதண்ணி வேணும். நெறைய. தலையில இருக்கற கொண்டை ஊசி, ஊக்கு எல்லாத்தையும் கழட்டுங்க."

அடுத்த இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் நடந்ததை அக்கம்பக்கத்தார் வேலியோரம் நின்று பார்த்தார்கள். தனலெட்சுமி ஒவ்வொரு பாக்கெட்டாகத் தோலை உரித்தாள். பக்கிரிசாமி கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்கும் மணவறைக்கும் நடந்தார். சூடு பட்டதும் கம் பால்போல இளகி வழிந்தது. இராஜம்மா கொண்டை ஊசியால் திருகாணித் தலையின் வெட்டில் புகுந்திருந்ததைத் தோண்டினாள். தோண்டும்போதே பேசினாள்.

"இந்த ஓட்டை ஏன் இவ்ளோ சின்னதா செஞ்சே?"

தனலெட்சுமி அடுத்த பாக்கெட்டின் தோலை உரித்தாள்.

"என் கை நல்லா அடக்கமான கை. அதான் எட்டுது."

"தோண்டுங்க அண்ணி."

ரமணி இரண்டு கைகளையும் அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். "மாமா, இந்தப் பக்கம் தண்ணி வழியுது. அக்கா, அந்த மூலையை விட்டுட்ட. அத்தை, அதே எடத்தையே தோண்டுறீங்க."

"நீ உள்ள போறியா இல்லையா?" தனலெட்சுமி திரும்பாமலே கத்தினாள். "மருதாணி கலைஞ்சா நாளைக்கு உன் மாமியா அதுக்கும் ஒரு லிஸ்ட் போடுவா!"

முதல் திருகாணி கழன்றபோது மணி இரண்டேகால். ஏழாவது, மூன்று மணிக்கு. பத்தாவதில் பக்கிரிசாமி சுடுதண்ணீரைத் தன் கால்மேல் ஊற்றிக்கொண்டார். பதினைந்தாவது கழன்றபோது நாலு மணி. ஒன்று மட்டும் மீதி. முன்பக்கம், உச்சியில், வலது மூலை. எல்லோர் கண்ணும் விழுகிற மூலை.

அது சுற்றவில்லை. தலையின் வெட்டு மழுங்கிப் போயிருந்தது. ஏனென்றால் அந்த ஒன்றை மட்டும், உதவி செய்கிறேன் என்று, சற்று முன் பக்கிரிசாமி முறுக்கியிருந்தார். தப்பான அளவுக் கம்பியை வைத்து.

"சும்மா நின்னிருந்தா பத்தாதா உங்களுக்கு?"

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செய்ற ஒரு ஆளு இருந்தா காட்டுங்க இந்த வீட்டுல! எல்லாரும் நல்லதுதான் செய்றீங்க! எனக்கு நல்லது செஞ்சே சாகடிக்கிறீங்க!"

வேலியோரம் நின்றவர்கள்கூட இரண்டடி பின்னால் போனார்கள். இராஜம்மா முதல் முறையாகப் பேச்சை நிறுத்தினாள். தனலெட்சுமி உளியை அந்த மூட்டின் இடுக்கில் வைத்து மெல்ல நெம்பினாள். மூட்டுக்குள் கம் இல்லாததால் மயிரிழை திறந்தது. அதற்குள் இரும்பறுக்கும் வாளின் தகட்டை மட்டும் கையால் பிடித்து நுழைத்தாள். மரத்தை அல்ல, மரத்துக்கு நடுவே ஓடுகிற அந்தத் திருகாணியின் உடம்பை அறுத்தாள். இப்படியும் அப்படியும், இப்படியும் அப்படியும். விரல் கிழிந்து இரத்தம் தங்கப் பெயின்டில் கோடு போட்டது. "ஐயோ, மணவறையில ரத்தம்!" என்று வாயைத் திறந்த இராஜம்மா, தனலெட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல நின்றாள்.

திருகாணி 'டிக்' என்று அறுந்தது. ஆறு துண்டுகளும் லோரியில் ஏறின. மணி நாலரை.

பெடரல் ஹைவேயில் சனிக்கிழமை நெரிசல். ஒரு காரின் பின்விளக்கைப் பார்த்தபடியே முக்கால் மணி நேரம். இராஜம்மாவோடு மூவரும் முன்சீட்டில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது ஐந்தேகால். இராசேஸ்வரி மாடியில், டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம். எழுந்திருக்கவில்லை.

துண்டுகள் படியேறின. திருப்பத்தில் ஒவ்வொன்றும் இரண்டு விரல் இடைவெளியில் தப்பி வந்தது. தனலெட்சுமி பூட்டினாள். கீழ்க்கட்டை, நடுக்கட்டை, பின் உச்சிக்கட்டை. கடைசியாக முன் உச்சிக்கட்டையைத் தூக்கினாள். வலது மூலையில் இரண்டு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஒன்றுதான். அறுந்த துண்டு மரத்துக்குள்ளேயே அடைத்துக்கொண்டு கிடந்தது. புதுத் துளை போட இங்கே மெஷின் இல்லை. ஒற்றைத் திருகாணியில் கட்டை முறுக்கிக்கொள்ளும். நாளைக்கு வாழை, மாவிலை, ரோஜாச்சரம் எல்லாம் அந்தக் கட்டையில்தான் தொங்கும்.

அவள் பையைத் திறந்தாள். கம் டப்பாவை எடுத்தாள். கட்டை முனையில் ஊற்றி விரலால் தேய்த்தாள். வெட்டுப்பட்ட முனையில் மரம் கம்மைக் குடித்துவிடும். அது குடித்து முடிக்கும் வரை காத்திருந்து இன்னொரு முறை தடவினாள். வைத்து அழுத்தி, இருந்த ஒரு திருகாணியை முடுக்கி, கிளாம்பைப் போட்டாள்.

இராஜம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்ப நீயே கம் போடுறே" என்றாள். "நான் போட்டா மட்டும் தப்பு."

தனலெட்சுமி கண்ணை மூடினாள். மனதுக்குள் இருபது வரை எண்ணினாள்.

"ஆமா அண்ணி" என்றாள். "தப்புதான்."

ஆறுக்கு நான்கு நிமிடம் இருந்தது. இராசேஸ்வரி எழுந்து வந்தார். மணவறையைச் சுற்றி நடந்தார். ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. பின்பக்கம் குனிந்து, சுடுதண்ணீரில் ஊறிப் பெயின்ட் உரிந்த பதினாறு பாக்கெட்டுகளையும் பார்த்தார். திரும்பிப் போய் டெலிபோனை எடுத்தார்.

"ஹலோ, நான் இராசேஸ்வரி. மணவறை வேண்டாம். ஓம். பொம்பிளையின்ட தமக்கை செய்து கொண்டுவந்திட்டா." கொஞ்சம் நிறுத்தினார். "இல்லை, வாடகை இல்லை. அவவே செய்தது. மரத்தில."

போனை வைத்துவிட்டுத் திரும்பி, "உயரம் ஒரு சாண் காணாது போல கிடக்கு. பரவாயில்லை. கையில என்ன காயம், பிள்ளை? வாரும், மருந்து போடுவம்" என்றார். தனலெட்சுமிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நாத்தனார் கம்மை ஊற்றியபோது வராத அழுகை, கணவன் திருகாணியை மழுக்கியபோது வராத அழுகை, அந்த 'மருந்து போடுவம்' என்ற சொல்லில் பொங்கிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதேகாலுக்கு முகூர்த்தம். கூறைச்சேலை உடுத்தி ரமணி வந்து மணவறையில் உட்கார்ந்தாள். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. மண்டபமே நிறைந்திருந்தது. தனலெட்சுமி முன்வரிசையில் நின்றாள். பத்தொன்பது வருடமாக அவள் காத்திருந்த நிமிடம் வந்துகொண்டிருந்தது.

அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம் முழுதாகப் பிடிக்க ஒரு நாள் வேண்டும். இருபத்து நான்கு மணி நேரம். அவளுக்குக் கிடைத்தது பதினைந்தேகால். காலையில் கிளாம்பைக் கழற்றிவிட்டார்கள். போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்றாராம் போட்டோக்காரர். பூக்காரர் அவளைக் கேட்காமலே ஈர ரோஜாச்சரம் பதினொன்றை அந்த ஒரே கட்டையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கட்டைக்கு நேர் கீழே ரமணியின் தலை. வலது மூலையில் கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு தெரிகிறதா? பெயின்டா, பிளவா? அது நேற்று இருந்ததா?

"தனம், தாலி எடுத்துட்டாங்க" என்று பக்கிரிசாமி முழங்கையால் இடித்தார்.

"இருங்க."

"தங்கச்சியப் பாருடி!"

"இருங்கன்னு சொல்றேன்ல. அது அசையுதா பாருங்க."

"எது?"

"மூட்டு."

கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அரிசியை வீசினார்கள். இராஜம்மா ஓவென்று அழுதாள். இராசேஸ்வரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். மேளச் சத்தத்தில் உச்சிக்கட்டை நடுங்கியது, சரங்கள் ஆடின, இரண்டு இதழ்கள் உதிர்ந்தன. தனலெட்சுமியின் கையிலிருந்த மஞ்சளரிசி கையிலேயே இருந்தது. மூட்டு அசையவில்லை. மேளம் நின்றது. அப்போதும் அசையவில்லை. அவள் மூச்சை விட்டுக் கீழே பார்த்தபோது, ரமணியின் கழுத்தில் தாலி ஏறியிருந்தது.

எப்போது ஏறியது? அவள் பார்க்கவில்லை.

ஆசீர்வாதம் வாங்க வந்த ரமணி காலில் விழுந்தாள். எழுந்தவள் அக்காவைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீரும் பவுடரும்.

"அக்கா, தாலி கட்டறப்ப உன்னைத்தான் தேடினேன். பாத்தியா?"

தனலெட்சுமி அவள் தலையில் ஒட்டியிருந்த ரோஜா இதழை எடுத்துவிட்டாள்.

"பாத்தேன்டி" என்றாள். "கண்ணு எடுக்காம பாத்தேன்."

பக்கிரிசாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவர் காலை நன்றாக மிதித்தாள். சுடுதண்ணீர் பட்ட கால் அது. அவர் வாயை மூடிக்கொண்டார்.